ராகு எந்த ஊர் மணி பார்க்கிறார்?

(கோவில்பட்டியில் மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்றைய கூட்டம் மாலை 4-30 மணிக்கு ஆரம்பமாகும் என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். நாம் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து சேர்ந்தோம். அப்போது பந்தலுக்குள் இருந்தவர்கள் இருபது பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். ஆனால் எதிர் டீக்கடையிலும், வேப்பமரத்தடியிலும், சுவரோரத்திலும் நூறு பேருக்குக் குறையாமல் நின்றுகொண்டு பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன சங்கதி என்று இவ்வூர்த் தோழர் ஒருவரைக் கேட்டோம். "ஞாயித்துக்கெழமை நாலரை டு ஆறு ராகுகாலம்லா அண்ணாச்சி! ஆறு அடிச்சதும் எல்லாரும் உள்ள வந்துருவாக" என்றார். அவர் சொன்னபடியே ஆறு அடித்தது, பந்தலும் நிறைந்தது. மிகவும் சந்தோஷம்.

வெளியில் நின்றவர்களைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. பகுத்தறிவுக் கூட்டத்துக்கு வரவேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. பாட்டன் காலத்துப் பயமும் விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம் காலைக் கடுக்க விட்டு நின்றிருக்கிறீர்கள். ஆகவே நாம் பேசுவதாக இருந்த விஷயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கின்றோம். நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்களே அந்த ஆறு மணி, அது எந்த ஊருடைய ஆறு மணி?

"இதென்ன கேள்வி? கோவில்பட்டியில் நின்று பார்த்தால் கோவில்பட்டி மணிதானே?" என்பீர்கள். இல்லை, தோழர்களே! உங்கள் கையில் இருப்பது கோவில்பட்டி மணி அல்ல. அது காசிக்கு அருகே மிர்சாப்பூர்ப் பக்கமாகப் போகும் ஒரு கோட்டினுடைய மணி.

நாம் பந்தலில் காத்திருந்தபோது ஒரு தாயார் வந்து வேறொரு சந்தேகம் கேட்டார்கள். அவர்கள் மகன் துபாயில் கட்டட வேலை பார்க்கிறானாம். "ராத்திரி ஒம்பது மணிக்குப் பேசுதேம்மா" என்று சொன்னானாம். அந்த அம்மாள் ஒன்பது மணியில் இருந்து செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, பத்து மணியாகியும் மணியடிக்காமல் போகவே, பிள்ளைக்கு என்ன ஆபத்தோ என்று அழுதுகொண்டிருந்தார்களாம். பத்தரைக்குத்தான் பேசினானாம். "எம்புள்ள பொய் சொல்ல மாட்டான் ஐயா, ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டார்கள். மகன் பொய் சொல்லவில்லை. அவன் ஊர் ஒன்பது மணிக்கு அவன் பேசினான். அப்போது நம்மூர் மணி பத்தரை.

அந்த அம்மாளின் கேள்வியும் வெளியில் நின்றவர்களின் ராகுகாலமும் ஒரே சங்கதியைச் சேர்ந்தவை. ஓர் ஊருக்கு மணி எப்படி வருகிறது, அதை யார் வைக்கிறார்கள் என்பதே அந்தச் சங்கதி.

பூமி தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்ற 24 மணி ஆகிறது. வட்டத்துக்கு 360 பாகை. ஆகவே ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிஷம். கிழக்கே இருக்கிற ஊருக்குச் சூரியன் முந்தி உச்சிக்கு வரும்; மேற்கே இருக்கிற ஊருக்குப் பிந்தி வரும். இவ்வளவுதான் கணக்கு. இந்தியாவின் பொது மணி, கிரீன்விச் கோட்டுக்குக் கிழக்கே 82½ பாகையில் போகும் கோட்டை வைத்து எடுக்கப்படுகிறது. நமது கோவில்பட்டியோ 78 பாகைக்குச் சற்றுக் குறைவு. சரியாகச் சொன்னால் 77 பாகை 52 கலை. வித்தியாசம் சுமார் 4.6 பாகை. அதை நான்கால் பெருக்கினால் 18½ நிமிஷம். அதாவது, கடிகாரம் 12 அடித்த பிறகு சராசரியாக இன்னும் பதினெட்டரை நிமிஷம் கழித்துத்தான் இந்தக் கரிசல் காட்டுக்கு உச்சி வேளை வருகிறது.

நாம் சொல்லுவதற்காக நீங்கள் நம்பவேண்டியதில்லை. உங்கள் களத்துமேட்டிலேயே சோதித்துப் பாருங்கள். சமமான தரையில் ஒரு கம்பை நேராக நடுங்கள். அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழல் சுருங்கிக்கொண்டே வந்து அதன் நுனி வட்டத்தைத் தொடும். அப்போது மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பகல் நிழல் நீண்டு மறுபடியும் வட்டத்தைத் தொடும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நட்ட நடுவான நேரம் உங்கள் ஊர் உச்சி வேளை. காலையில் 9-48, பிற்பகல் 2-49 என்று வந்தால், நடுநேரம் 12-18½.

இதைச் செய்ய நல்ல நாளும் ஒன்று சொல்லுகிறோம். சூரியனின் ஓட்டத்துக்கும் கடிகாரத்தின் ஓட்டத்துக்கும் வருஷத்தில் பல நாள் சில நிமிஷங்கள் வித்தியாசம் உண்டு. பிப்ரவரி நடுவில் சூரியன் 14 நிமிஷம் பிந்தும். நவம்பர் ஆரம்பத்தில் 16 நிமிஷம் முந்தும். ஏப்ரல் நடுவில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதே சமயம் ஏப்ரல் 13, 14 தேதிகளில் சூரியன் கோவில்பட்டிக்கு நேர் உச்சியில் வருகிறது. சித்திரை முதல் தேதியன்று வீட்டு முற்றத்தில் ஓர் உலக்கையை நிறுத்தி வையுங்கள். 12 மணிக்கு நிழல் இருக்கும். 12-19க்கு நிழலைக் காணோம்! ஜோசியரின் தயவும் வேண்டாம். சர்க்காரின் தயவும் வேண்டாம். உங்கள் ஊரின் சொந்த மணியை உலக்கையே சொல்லிவிடும்.

அப்படியானால் நம் ஊர் மணியை விட்டுவிட்டு மிர்சாப்பூர்க் கோட்டு மணியை ஏன் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று கேட்கலாம். அதற்குக் காரணம் ரயில்.

ரயில் வருவதற்கு முன் சம்சாரிக்கு மணியே தேவைப்படவில்லை. கோழி கூப்பிட்டால் எழுந்தான். வெள்ளி முளைத்தால் ஏர் பூட்டினான். நிழல் காலடிக்கு வந்தால் கஞ்சி குடித்தான். 1876-ல் மதுரையில் இருந்து தூத்துக்குடிக்கு இந்த வழியாக ரயில் வந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனும் தன் தன் உச்சி வேளையை வைத்துக்கொண்டால் வண்டி எதிரும் புதிருமாக மோதிச் சாகவேண்டியதுதான். ஆகவே எல்லா ஸ்டேஷனுக்கும் பொதுவாக ஒரு மணி வேண்டியதாயிற்று. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் ஏற்பட்ட வானாராய்ச்சிக் கூடத்தின் மணியே அதற்கு உதவிற்று. தமிழ் உள்பட பல மொழிகளில் எழுத்து வெட்டிய அந்தக் காலத்துக் கருங்கல் தூண் இன்றும் அங்கே இருக்கிறது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முந்திய அந்த 'மதராஸ் மணி'தான் இந்தியா முழுவதும் ரயிலுக்கு மணியாக வெகு காலம் இருந்தது. அப்போதும் பம்பாய்க்கு ஒரு மணி, கல்கத்தாவுக்கு ஒரு மணி என்று தனித்தனியாகவே இருந்தன.

1884-ல் வாஷிங்டனில் 25 தேசத்துப் பிரதிநிதிகள் கூடி, கிரீன்விச் கோட்டைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுவது என்று தீர்மானித்தார்கள். அதை அனுசரித்து 1906 ஜனவரி 1-ந் தேதி, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது என்ற இந்தியப் பொது மணி அமலுக்கு வந்தது. மதராஸ் மணி வைத்திருந்தவர்கள் அதனால் முள்ளை சுமார் 9 நிமிஷம் முன்னுக்குத் தள்ளவேண்டி வந்தது. பம்பாய்க்காரர்கள் 39 நிமிஷம் தள்ளவேண்டி வந்தது. கல்கத்தா தன் மணியை 1948 வரையில் விடவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. வெளிச்சத்தை மிச்சம் பிடிப்பதற்காக 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடு வரையில் இந்தியா முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்தார்கள். இன்றைக்கு டில்லியில் உள்ள தேசியப் பௌதிக ஆராய்ச்சிச் சாலையில் அணுக் கடிகாரங்களை வைத்து இந்த மணியைக் காப்பாற்றி வருகிறார்கள்.

ஆகவே, தோழர்களே! மணி என்பது வானத்தில் இருந்து இறங்கினதல்ல. மனிதன் தன் சௌகரியத்துக்காகக் கூடிப் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு.

அயல்நாட்டில் நம்மவர் பட்டதையும் கேளுங்கள். சிங்கப்பூரில் தமிழர் 1941-ல் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முந்திய மணியை வைத்திருந்தார்கள். 1942-ல் ஜப்பான்காரன் பிடித்ததும் டோக்கியோ மணியை வைக்கச் சொன்னான். ஒரே அடியாக ஒன்றரை மணி முந்திற்று. 1945-ல் ஜப்பான்காரன் போனதும் பழைய மணி திரும்பிற்று. 1982 ஜனவரி முதல் அது 8 மணி என்றாகி இருக்கிறது. சூரியன் அதே சூரியன்தான். ஊரும் அதே ஊர்தான்.

இலங்கையிலோ இன்னும் வேடிக்கை. 1996 மே மாதம் மின்சாரப் பஞ்சம் வந்ததால் சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி, அந்த வருஷம் அக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்துக்கொண்டார்கள். 2006 ஏப்ரலில் மறுபடியும் பழைய ஐந்தரைக்கே வந்தார்கள். ஆனால் விடுதலைப் புலிகள் வசம் இருந்த பகுதியில் பழைய மணியையே மாற்றாமல் வைத்திருந்தார்கள். ஒரே தீவில், ஒரே ரஸ்தாவில், காவல் சாவடியைத் தாண்டினால் மணி அரை மணி பின்னால் போகும்! சாவடிக்கு இப்புறமும் அப்புறமும் ராகு இரண்டு தடவை வந்தாரா என்று எந்த ஜோசியரும் சொல்லக் காணோம்.

ஆகவே ஓர் ஊர் எந்த மணியைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க, பூகோளப் படம் மாத்திரம் போதாது. படம் சூரிய மணியைச் சொல்லும். ஜனங்கள் வைத்திருக்கும் மணியை அந்த நாட்டுச் சட்டம் சொல்லும். நீங்கள் கேட்கவேண்டியதெல்லாம், அந்த ஊர் மணி கிரீன்விச்சுக்கு எவ்வளவு முந்தியது அல்லது பிந்தியது என்பதுதான். நமக்கு ஐந்தரை. துபாய்க்கு 4, ஆகவே அங்கே ஒன்றரை மணி பிந்தும். சவுதிக்கும் குவைத்துக்கும் 3. இரண்டரை மணி பிந்தும். சிங்கப்பூருக்கும் மலேசியாவின் கோலாலம்பூருக்கும் 8. இரண்டரை மணி முந்தும். லண்டன் நமக்குக் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும், கோடையில் அவர்கள் முள்ளை மாற்றுவதால் நாலரை மணியும் பிந்தும்.

செல்போனில் பார்த்தால் 'கொல்கத்தா' என்று போட்டிருக்கிறதே, நம்மை வங்காளத்தில் சேர்த்துவிட்டார்களா என்று ஓர் இளைஞர் கேட்டார். அப்படியல்ல. உலகத்து மணிகளைக் குறித்து வைத்திருக்கும் பட்டியலில், 1970 முதல் ஒரே மணி வைத்திருக்கும் பிரதேசம் முழுவதற்கும் ஒரு பெரிய பட்டணத்தின் பேரைப் போட்டிருக்கிறார்கள். இந்தியாவுக்குக் கொல்கத்தாவின் பேர் வாய்த்தது. அவ்வளவுதான். கன்னியாகுமரியில் நின்றாலும் அந்தப் பேர்தான் வரும்.

இனி ராகுவிடம் வருவோம்.

ராகு என்று ஒரு கிரகமே இல்லை. சந்திரன் போகும் பாதையும் சூரியன் போவதாகத் தோன்றும் பாதையும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு வைத்த பேர் அது. நாற்சந்திக்குப் பேர் வைப்பதுபோல் வைத்தார்கள். அந்தச் சந்தி வானத்தை ஒரு தரம் சுற்றிவர 18.6 வருஷம் ஆகிறது. அதற்கும் ஞாயிற்றுக்கிழமை மாலைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அது ஒருபுறம் இருக்கட்டும். அவர்கள் சாஸ்திரப்படியே பார்ப்போம். சூரியன் உதித்தது முதல் அஸ்தமிக்கும் வரை உள்ள பகலை எட்டுக் கூறாக்கி, அதில் ஒரு கூறு ராகுவுக்கு என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைசிக் கூறு. காலை 6-க்கு உதயம், மாலை 6-க்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்டு, கூறுக்கு ஒன்றரை மணியாக 4-30 முதல் 6 வரை என்று காலண்டரில் அச்சடித்துவிட்டார்கள். ஆனால் இந்த மாசி மாதத்தில் கோவில்பட்டியில் சூரியன் உதிப்பது சுமார் 6-38க்கு. அஸ்தமிப்பது சுமார் 6-28க்கு. அப்படியானால் கடைசிக் கூறு எப்போது? சுமார் 5 மணிக்குத் தொடங்கி 6-28க்கு முடிகிறது!

இப்போது யோசித்துப் பாருங்கள். வெளியில் நின்ற தோழர்கள் நோட்டீசில் போட்டபடி நாலரைக்கே உள்ளே வந்திருந்தால், ராகு வருவதற்கு அரை மணி முன்பே சௌகரியமாக உட்கார்ந்திருக்கலாம். ஆறு அடிக்கட்டும் என்று காத்திருந்து, சரியாக ராகுவின் மடியிலேயே வந்து விழுந்தீர்கள்! விழுந்து இப்போது ஒரு மணிக்கு மேலாகிறது. யாருக்காவது தலைவலி உண்டா? பந்தல் சாய்ந்ததா?

"திட்டமாகக் கணிக்கிற பஞ்சாங்கக்காரர் உதயத்தைப் பார்த்துத்தான் சொல்லுவார், காலண்டர்க்காரன் செய்த தப்புக்குச் சாஸ்திரம் என்ன செய்யும்?" என்று ஒரு பெரியவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் திருப்பிக் கேட்கின்றோம்: காலண்டர்ப்படி தப்பான நேரத்தைக் கழித்து, நிஜமான ராகுகாலத்தில் எத்தனை லட்சம் பேர் கடை திறந்தார்கள், பெண் பார்க்கப் போனார்கள், பத்திரம் எழுதினார்கள்? அவர்களில் எவர் குடி அதனால் கெட்டது? 1942 முதல் 1945 வரை கடிகாரம் ஒரு மணி முந்தி இருந்ததே, முள்ளை மாத்திரம் பார்த்து நாலரையைக் கழித்தவர் உண்மையில் மூன்றரையை அல்லவா கழித்தார்? சர்க்கார் உத்தரவு ராகுவுக்கும் போய்ச் சேர்ந்ததா? தப்பான நேரமும் சரியான நேரமும் ஒரே பலனைக் கொடுக்குமானால், அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லை என்பதுதானே அதற்கு அர்த்தம்?

ஜாதகத்தையும் பாருங்கள். ஒரு லக்கினம் சுமார் இரண்டு மணி நேரம் நிற்கிறது என்கிறார்கள். யுத்த காலத்தில் பிறந்த குழந்தைக்குக் கடிகாரத்தில் கண்ட மணியைக் குறித்து, அந்த ஒரு மணியைக் கழிக்காமல் ஜாதகம் எழுதியிருந்தால், இரண்டில் ஒரு குழந்தைக்கு லக்கினமே மாறிப் போயிருக்கும். இன்றைக்கும் கோவில்பட்டிப் பதினெட்டரை நிமிஷத்தைக் கழிக்காமல் எழுதினால் ஆறு ஏழு பேரில் ஒருவருக்கு மாறும். கணக்குத் தெரிந்த ஜோசியர் கழிப்பார் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை பிறந்த நேரத்தைக் குறித்தவர் யார்? ஆஸ்பத்திரி நர்சம்மாள் ஓய்ந்த நேரத்தில் பார்த்த சுவர்க் கடிகாரம்! அது ஐந்து நிமிஷம் ஓடியிருந்ததா, பத்து நிமிஷம் நின்றிருந்ததா என்று எவருக்குத் தெரியும்? இதை நம்பி ஒரு பெண்ணைப் பார்த்து, 'இவளுக்குத் தோஷம்' என்று சொல்லி, முப்பது முப்பத்தைந்து வயது வரை வீட்டு மூலையில் உட்கார வைக்கிறீர்களே, இது நியாயமா? அந்தப் பெண்ணின் வாழ்வு ஒரு சுவர்க் கடிகாரத்தின் சாவிக்கு அடகா?

கடைசியாக ஒன்று. இது ராகுவை விட முக்கியம்.

கெட்ட நேரத்துக்குப் பயந்து ஒன்றரை மணி நிற்கிற நாம், நம்முடைய நேரத்தை எவன் எடுத்துக்கொள்ளுகிறான் என்று பார்ப்பதில்லை. 1906 ஜனவரியில் பம்பாய் மில் தொழிலாளர்கள் புது மணிக்கு விரோதமாகக் கிளர்ச்சி செய்தார்கள். படிக்காத மூடர்கள் என்று சிலர் சிரித்தார்கள். ஆனால் அவர்களுக்கு அர்த்தம் தெரிந்திருந்தது. முள்ளை 39 நிமிஷம் தள்ளினால், சூரியக் கணக்கில் 39 நிமிஷம் முந்தி இருட்டோடு எழுந்து ஓடவேண்டியவன் தொழிலாளிதான்; முதலாளி அல்ல.

நமது கரிசல் காட்டிலும் இதுதானே நடந்தது? மழை பொய்த்துப் பருத்தியும் கம்பும் காய்ந்த ஊர்களில் இருந்து, விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். வீட்டில் கடிகாரம் கிடையாது. பஸ்ஸின் ஹாரன்தான் மணி. அது மூன்று மணிக்கு அடித்தாலும் விடிந்தது. நாலு மணிக்கு அடித்தாலும் விடிந்தது. இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்கினால் அப்போதுதான் சாயங்காலம். எத்தனை மணி வேலை செய்தோம் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரியாது. மணி வைத்திருந்தவனுக்கு மாத்திரம் தெரிந்திருந்தது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் பெரியவர்களுக்கே நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டி, வேலை நேரத்தை எழுதி ஒட்டவேண்டும் என்றும் விதித்திருந்தது. மணி பார்க்கத் தெரியாதவனுக்கு ஒட்டி என்ன, ஒட்டாமல் என்ன?

ஆகவே நாம் கேட்டுக்கொள்ளுவதெல்லாம் இதுதான். மணியை நல்லது கெட்டது என்று பார்ப்பதை விடுங்கள். எத்தனை மணிக்குப் போனோம், எத்தனை மணிக்கு வந்தோம், எவ்வளவு கூலி வந்தது என்று பாருங்கள். வேலைக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வொரு ஆணும் ஒரு சிறு நோட்டில் இதை எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்குச் சித்திரை முதல் தேதி உலக்கை நிழலைக் காட்டுங்கள். மகன் அயல்நாட்டில் இருந்தால், அவன் ஊர் மணியும் நம்மூர் மணியும் எவ்வளவு வித்தியாசம் என்று அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள். தாயார் ஒன்றரை மணி அழவேண்டி இராது.

அடுத்த ஞாயிறு கூட்டமும் 4-30 மணிக்குத்தான் என்று காரியதரிசி சொல்லுகிறார். இந்தியப் பொது மணிப்படி நாலரை. நாம் 4-20க்கு வந்துவிடுவோம். நீங்களும் வாருங்கள், பந்தலுக்குள்ளேயே வாருங்கள்.